பதிவு செய்த எண்

அம்மா மட்டாஞ்சேரி வீட்டுக் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். மறுநாள் காலை நான் ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுண்டர் முன்னால் நின்றிருந்தேன். அரசு மருத்துவக் காப்பீட்டின் ஒப்புதல் மதியத்துக்குள் வந்துவிட்டால் அன்றே அறுவை சிகிச்சை. இல்லாவிட்டால் டாக்டருக்குத் திங்கட்கிழமைதான் ஒழியும். அதுவரை அம்மா காலில் எடை கட்டியபடி கிடக்க வேண்டும். நர்ஸ் அவளைப் புரட்டிப் படுக்க வைத்தபோது அவள் போட்ட சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் கீழே இறங்கி வந்திருந்தேன்.

கவுண்டரில் இருந்த பெண்ணிடம் கொஞ்சம் அலட்டிக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். காக்கநாட்டில் என் பிழைப்பே இதுதான். பென்ஷன், ரேஷன், காப்பீடு என்று அரசாங்கத்தின் நலத்திட்டங்களுக்கு மென்பொருள் செய்துகொடுக்கும் கம்பெனியில், மக்களுக்குப் போகும் குறுஞ்செய்திகளை மலையாளத்தில் எழுதுகிறேன். 'பதிவு செய்த எண்ணைச் சரியாக வைத்திருப்பது பயனாளியின் பொறுப்பு' என்ற வாசகம் என்னுடையது. யாரும் எதிர்வாதம் செய்ய முடியாதபடி இருக்கிறது என்று மேலதிகாரி பாராட்டியிருந்தார். எனக்கும் அதில் பெருமை உண்டு.

"சேட்டா, அம்மையுடெ விரல் வேணும். அல்லெங்கில் ஓடிபி" என்றாள் அந்தப் பெண்.

அம்மாவைக் கட்டிலோடு கீழே இறக்க முடியாது. விரல்ரேகைக் கருவியை மேலே கொண்டுபோகலாம் என்றால், அதன் வயர் கவுண்டரைத் தாண்டி வராது. ஓடிபியே அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுக் கைபேசியை எடுத்து வைத்துக்கொண்டேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி அனுப்பினாள். மூன்றாவது தடவையும் வராதபோது உங்கள் சிஸ்டம் சரியில்லை என்று சிடுசிடுத்தேன். அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். அம்மாவின் பெயருக்குக் கீழே வரிசையாக நட்சத்திரக் குறிகள், கடைசியில் இரண்டு இலக்கங்கள். என் எண் இல்லை. என் தங்கையுடையது.

ரேஷன், காப்பீட்டு அட்டைகள் எடுத்த காலத்தில் வீட்டில் மொபைல் வைத்திருந்தது அவள் ஒருத்திதான். இ-சேவை மையத்தில் வரிசையில் நின்று அம்மாவுக்கு எல்லாம் எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். அதனால் எல்லாவற்றிலும் அவள் எண். பிறகு அவள் வல்லார்பாடத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டும் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு மதம். இனி இந்த வாசல்படி ஏறக்கூடாது என்று சொன்னேன். அப்பா இல்லாத வீட்டில் நான்தான் பெரிய ஆண்பிள்ளையாயிற்றே. அவள் எண்ணைக் கைபேசியில் தடுத்தும் வைத்தேன். அம்மா அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஊருக்கெல்லாம் அறிவுரை எழுதுகிறவன், சொந்த அம்மாவின் அட்டையில் யார் எண் இருக்கிறது என்று பார்த்ததில்லை. தடுத்த எண்களின் பட்டியலைத் தேடி, அவளை அதிலிருந்து எடுத்துவிட்டு அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அண்ணா, மெசேஜ் மூணு வந்தாச்சு. ஒவ்வொரு தரமும் உன்ன விளிச்சேன், கிட்டல. அம்மாவுக்கு என்ன?"

விழுந்ததைச் சொன்னேன், ஆபரேஷன் என்றேன், எண்ணைக் கேட்டேன். அவள் படித்தாள். கவுண்டர் பெண் தட்டினாள். சற்று நேரத்தில் ஒப்புதல் வந்துவிட்டது. அம்மாவுக்கு அன்றைக்கே ஆபரேஷன் என்று உறுதியானது.

"ஆஸ்பத்திரி பேரப் பாத்ததும் பேடிச்சுப் போனேன்" என்றாள் தங்கை. "அம்மா விரல் வச்சு ரேஷன் வாங்குனா, பென்ஷன் வந்தா, எனக்குத்தானே மெசேஜ் வரும். அத வச்சுத்தான் அம்மா சுகமா இருக்குன்னு தெரிஞ்சுக்குவேன். அம்மாவுக்கும் அது அறியும். நான் வரட்டா?"

மாதம் பிறந்ததும் கொட்டும் மழையிலும் அம்மா தானே ரேஷன் கடைக்குப் போவாள். நான் வாங்கி வருகிறேன் என்றால் கேட்க மாட்டாள். ரேஷன் அரிசி மேல் அப்படி என்ன ஆசை என்று எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன். மகளுக்குச் சேதி சொல்லத்தான் போயிருக்கிறாள். நான் எழுதிய வாசகங்களில்தான் அந்தச் சேதி போயிருக்கிறது. அந்தக் கவுண்டர் முன்னால் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்போதாவது வா என்று சொல்லியிருக்கலாம். "ஆபரேஷன் முடியட்டும், சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

டிஸ்சார்ஜின்போது மறுபடி ஓடிபி வேண்டியிருக்கும் என்றாள் கவுண்டர் பெண். நல்ல பெண். என் முகத்தைப் பார்த்து உதவ நினைத்தாள் போல. சேட்டனின் எண்ணையே போட்டுவிடட்டுமா, இங்கே மாற்றினால் ரேஷன், பென்ஷன் எல்லாவற்றிலும் மாறிவிடும் என்றாள். இன்னொரு முறை தங்கையிடம் கேட்டு நிற்க வேண்டாமே என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. வெட்கத்திலிருந்து தப்பிக்க அது சுலபமான வழியாகத் தெரிந்தது. மாற்றிவிடுங்கள் என்றேன்.

எண்ணை மாற்றுவதற்கும் பழைய எண்ணுக்குத்தான் ஓடிபி போகும். அந்த விதியைக் கையேட்டில் எழுதியவனே நான். அந்த நேரம் நினைவில் இல்லை. கைபேசி அடித்தது. தங்கை.

"அண்ணா, இன்னொண்ணு வந்திருக்கு" என்று சொல்லி மலையாளத்தில் படிக்க ஆரம்பித்தாள். இந்த எண் நீக்கப்படுகிறது. இனி இந்தப் பயனாளி குறித்த எந்தத் தகவலும் இந்த எண்ணுக்கு வராது. ஒவ்வொரு சொல்லும் என்னுடையது. பாதியில் அவள் குரல் மெதுவானது. ஆனாலும் நிறுத்தவில்லை, கடைசிவரை படித்தாள். பிறகு நான் கேட்காமலேயே ஆறு இலக்கங்களையும் நிதானமாகச் சொன்னாள்.

"கேட்டுச்சா? திருப்பிச் சொல்லட்டா?"

வேண்டாம், விட்டுவிடு என்று சொல்ல நேரம் இருந்தது. கவுண்டர் பெண் விசைப்பலகையில் விரலை வைத்துக் காத்திருந்தாள். எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. நான் அந்த இலக்கங்களை ஒவ்வொன்றாக அவளிடம் சொன்னேன்.

தங்கை இன்னும் அழைப்பை வைக்கவில்லை.

"அண்ணா, நம்பர் மாத்துனத அம்மாட்ட சொல்லாத."

சரி என்றேன்.