வெயிலில் பார்த்த பிலிம்

எக்ஸ்ரே பிலிம் கழுவும் கரைசலின் புளித்த வாடை எங்கே அடித்தாலும் அண்ணன் வந்துவிடுகிறான், இரண்டு கையாலும் ஒரு பிலிமைத் தூக்கிக்கொண்டு, வெயிலைப் பார்த்தபடி.

ஆவடித் தொழிற்சாலையில் அவனுக்கு அதுதான் வேலை. வெல்டிங் வைத்த இடத்தை எக்ஸ்ரே எடுத்து, அந்தக் கோட்டோடு கண்ணை ஓட்டுவான். கறுப்புப் புள்ளி தெரிந்தால் உள்ளே ஓட்டை. தெரியாவிட்டால் பாஸ்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை. குடலில் இருந்த புற்றுநோய்க் கட்டியை எடுத்து, ஈரலுக்குப் பரவியதையும் வெட்டி எடுத்து, வேலைக்குத் திரும்பியிருந்தான். பிறகு ரத்தப் பரிசோதனை சரியில்லை என்று டாக்டர் ஸ்கேன் எழுதினார். மறுபடியும் வந்துவிட்டதோ? குடும்பத்தில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. சோற்றோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தோம்.

ஸ்கேன் எடுத்த இடத்தின் வாசலிலேயே உறையைப் பிரித்து, பிலிமை வெயிலுக்கு நேரே பிடித்தான்.

"டாக்டர் பாக்கட்டும்ண்ணா."

"போடா. நான் பாக்காத பிலிமா?"

ஈரலில் வெட்டிய ஓரத்தின் மேல் அவன் விரல் நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது.

"வெட்டுன எடம் சுத்தமா கீதுடா. ஒரு புள்ளி இல்ல. பாஸ்!"

டெலிபோன் பூத்துக்கு ஓடினான். குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு அண்ணியைக் கூப்பிடச் சொன்னான். "ஒண்ணியும் இல்லடி. பாயசம் வை. ஏய், இன்னாத்துக்கு இப்ப அழுவுற?"

மாலை, கரையான்சாவடி கிளினிக். டாக்டர் பிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டினார். ஈரலின் அந்தப் பக்கம், அண்ணன் விரல் போகாத பக்கம், பேனா முனையால் ஒன்றைத் தொட்டார். இன்னொன்றை. அப்புறம் இன்னொன்றை. மங்கலான திட்டுகள், ஈரச் சுவரில் பூஞ்சை பூத்ததைப் போல.

"திரும்ப வந்திருக்கு."

"இன்னொரு தபா வெட்டிடலாம் சார்."

"பல இடத்துல இருக்குங்க. வெட்ட முடியாது. மருந்து ஏத்திப் பார்க்கலாம்."

அண்ணன் பிலிமையே பார்த்துக்கொண்டிருந்தான். "எங்க வேலையில ஜாயின்ட்டத்தான் சார் பாப்போம். பக்கத்துல கீறது நல்ல இரும்பு."

டாக்டர் விளக்கை அணைத்தார்.

ஆவடி பஸ்ஸில் ஏறினோம். அண்ணி பாயசத்தை இறக்கி வைத்துவிட்டு வாசலில் நிற்பாள். பாரிவாக்கம், நான் இறங்க வேண்டிய இடம், வந்தது. நான் எழவில்லை. முழங்கையால் இடித்தான்.

"எறங்குடா."

"நானும் வரேன்ண்ணா."

"வாணாம். உன் மூஞ்சியப் பாத்தாலே அவளுக்குத் தெரிஞ்சிடும். நான் மெதுவா சொல்லிக்கிறேன். எறங்கு, வண்டிய எடுத்துடப் போறான்."