வேப்பிலைக்கு உள்ளே போன கத்தி

பழவேற்காட்டு ஏரியில் கையால் இறால் பிடிப்பவள் குப்பம்மாள். இறாலைப் போடும் ஓலைப்பறியைப் பல்லில் கடித்தபடி தண்ணீரில் தவழ்வாள். அதனாலோ என்னவோ கரையிலும் பல்லைக் கடித்தே பேசுவாள். மூத்த மகனை வைசூரிக்குக் கொடுத்தவள். ஒல்லாந்தர் இங்கிலீஷ்காரரிடமிருந்து ஊரைத் திரும்பப் பெற்ற மறு வருஷம் எதிர்க்கரையில் மறுபடி வைசூரிச் சாவு விழுந்தது. எங்கள் ஒல்லாந்து வைத்தியர், வைசூரி வராமலிருக்கக் கையில் குத்தும் அம்மைப்பால் கொண்டுவந்தபோது, குப்பத்தில் அவள் ஒருத்திதான் பிள்ளையைத் தூக்கி வந்தாள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த துபாசி. வைத்தியர் பேசியதை அவளுக்குத் தமிழில் சொன்னவன்.

குத்திய ஒரு வாரத்தில் மகள் ருக்குவின் கையில் கொப்புளம் எழும், அதிலிருந்து பாலெடுத்து மற்றப் பிள்ளைகளுக்குக் குத்தலாம், அன்றைக்கு விட்டால் காய்ந்துபோகும், வேறு பால் இல்லை என்று சொல்லியிருந்தோம். அந்த நாளில் போனால், வாசலில் வேப்பிலை.

கொப்புளத்தைக் கண்டதும் அம்மனே வந்துவிட்டாள் என்று குப்பம்மாள் முடிவு கட்டியிருந்தாள். இனி அம்மன் இறங்கும்வரை அந்நியர் நுழையக்கூடாது; வீட்டிலிருந்து உப்புகூட வெளியே போகக்கூடாது. அந்தக் கொப்புளம் நாங்கள் கத்தியால் வைத்ததுதான் என்றேன்.

"ஆத்தா வர்றதுக்கு உங்க கத்தி வோணுமா, துபாசி?"

தெருவில் அவள் நாத்தி ராஜம்மா கைக்குழந்தையோடு நின்றாள். அவளுடைய பக்கத்துக் குடிசைக்காரனுக்கு முகமெல்லாம் வைசூரி எழும்பியிருந்தது. "இன்னிக்கு உட்டா எம்புள்ள பூடும் அண்ணி" என்றாள்.

குப்பம்மாள் வாசல் வேப்பிலையை ஒரு கையால் ஒதுக்கினாள். பிறகு, "உள்ள வா. ஆத்தா எறங்கற வரிக்கும் இங்கியே கெட. அப்போ எதுவும் வெளிய போவாதுல்ல" என்றாள். வைத்தியரிடம் கையை நீட்டினாள். "கத்திய குடு. எப்டினு சொல்லு."

வைத்தியர் கத்தியைக் கொடுத்தார். ருக்குவின் கொப்புளப் பாலைக் கத்திமுனையில் தொட்டு, குழந்தையின் கையில் தோலை மட்டும் கீற வேண்டும், ஆழமாய் இறங்கினால் குழந்தை தாங்காது என்றார். அதை அப்படியே தமிழில் சொன்னேன். அவள் முதுகு மட்டுமே தெரிந்தது. குழந்தை வீறிட்டது, சட்டென்று சத்தமே இல்லை.

"பால் குடிக்கிறான்" என்றாள் ராஜம்மா, உள்ளிருந்து.

வைத்தியர் கத்தியைத் திருப்பிக் கேட்டார். அதுவும் வெளியே வராது என்றுவிட்டாள் குப்பம்மாள்.

பக்கத்துக் குடிசைக்காரனைப் புதைத்த அன்று ராஜம்மா குழந்தையை வாசலில் தூக்கிக் காட்டினாள். கையில் முத்துப்போல் ஒரே கொப்புளம். உடம்பில் வேறெங்கும் இல்லை. அந்தச் சாவுக்கு அழுத பெண்கள் ஏரியில் முழுகி, ஈரத்துணியோடு குப்பம்மாளின் கத்திக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வேப்பிலையைத் தாண்டி உள்ளே போனார்கள். நாங்கள் தெருவிலேயே நின்றோம்.