தெரசம்மாளின் முதல் கரண்டி

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் தெரசம்மாளிடம் திட்டு வாங்காதவர்கள் குறைவு. திசையன்விளையிலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் போனபின் சட்டைக்குப் பொத்தான் தைத்தே மகனை வளர்த்தாள். பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்துவிட்டது. விழுங்குவது மெதுவானது, திட்டு குறையவில்லை.

நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள் நான். பக்கத்து வீடு. காலையில் அவளைத் தூக்கி உட்காரவைப்பேன். மருமகள் ஆனி ஊட்டினால் வாயைத் திறக்கமாட்டாள். என் கையிலும் இரண்டு வாய்தான். உடம்பு இளைத்துக்கொண்டே போக, பண்டிகை முடிந்ததும் மூக்கில் குழாய் போடலாம் என்றார் டாக்டர். இவள் அதைப் பிடுங்குவாள். பிடுங்காமலிருக்க நல்ல கையையும் கட்டவேண்டிவரும். அப்படிக் கட்டுண்டு கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் காலையில் அந்த வீட்டில் பேக்கரி முட்டைதான். முந்தின நாள் பாவ் ரொட்டியைப் பிய்த்துத் தேங்காய்ப்பாலில் ஊறப்போட்டு, அடித்த முட்டையும் வதக்கிய வெங்காயமும் மிளகும் சேர்த்து, அலுமினியத் தட்டில் ஊற்றி, சந்து முனை பேக்கரியில் கொடுப்பார்கள். பாவ் இறங்கியபின் அடுப்பில் மிஞ்சும் சூட்டில் வேகும். மெத்தென்று இருக்கும், விழுங்கச் சிரமமில்லை. ஆனால் வீட்டுக்கு மூத்தவள் முதல் கரண்டி சாப்பிட்டபிறகுதான் மற்றவர்கள் தட்டைத் தொடலாம். அது தெரசம்மாளின் மாமியார் காலத்து வழக்கம்.

இந்த வருஷம் ஆனி செய்தாள். தட்டு வந்ததும் தெரசம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கவுச்சி அடிக்கு. ஒங்கம்மைக்குக் கொண்டு குடு."

"ஒரே ஒரு வாய், அத்தை."

"குழாயப் போட்டுட்டு நீ நிம்மதியா இரி, போ."

மகன் அஜினுக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, பூசைக்குப் போயிட்டு வந்து நாங்க இன்னும் ஒண்ணும் சாப்பிடல."

"பொண்டாட்டிக்குப் பரிஞ்சு பேசுதவனுக்குப் பசி என்னல பசி? கெட பட்டினி."

ஆனி கரண்டியை எடுத்தாள். தட்டின் நடுவில் வெட்டினாள். கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஏட்டி! யாரக் கேட்டு வாயில வச்ச?"

"நீங்கதான் வேண்டாம்னுட்டீங்களே. இனி இந்த வீட்டுல நாந்தான் மூத்தவ." இன்னொரு கரண்டி. "உப்பு சரியா இருக்கு."

"உப்புப் பாக்க வந்த மூஞ்சியப் பாரு. கொண்டா இங்கன!"

வலக்கை நீண்டு கரண்டியைப் பறித்தது. நான் முதுகுக்குத் தலையணை வைத்து, நேராக நிமிர்த்தி, தாடையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்தேன். கரண்டி தட்டில் அள்ளிக்கொண்டு மெதுவாக வாய்க்குப் போனது. தொண்டையைப் பார்த்தபடி இருந்தேன். இறங்கியது. இடது கன்னத்தில் ஒதுங்கியதை நாக்கால் தள்ளச் சொன்னேன்.

"நீ யாருட்டி எனக்குத் திங்கப் படிச்சுக்குடுக்க?"

தள்ளினாள்.

"உப்பு கூடிப்போச்சு" என்றாள். நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னொரு கரண்டி. மிளகைக் காணோம் என்பதற்கு ஒன்று. வெங்காயம் கருகல் என்பதற்கு ஒன்று. அவசரப்படுத்தாமல் ஒவ்வொன்றும் இறங்கும்வரை காத்திருந்தேன். ஆனியைக் குறை சொல்ல அவளுக்கு எப்போதுமே நிறைய இருக்கும்.

அஜின் கேட்காமலேயே தனக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டான்.

ஆனி சிரிக்கவில்லை. கரண்டிக்குக் கை நீட்டினாள். "நாளைக்கு இட்லி. அதையும் நான்தான் மொதல்ல சாப்பிடுவேன்."

"தின்னு பாரு, கைய முறிக்கேன்."

குழாயைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லி டாக்டருக்குப் போன் செய்தேன். திரும்பி வந்தபோது ஆனி தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். கரண்டி மட்டும் இல்லை. தெரசம்மாள் அதைத் தலையணைக்கு அடியில் செருகி, அதன்மேல் சாய்ந்து கிடந்தாள்.