யாருக்கு வந்தது என்று தேடுங்கள்

மென்பொருளுக்கு உதவிப் பக்கம் எழுதுகிறவள் எழுதியதை ஒருவரும் கண்டெடுப்பதில்லை என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் விதி. கணினி முன்னால் இருந்து, உதவியைத் திறந்து, உதவி கிடைக்காமலே மூடிய உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

யுத்த காலத்தில், கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் விற்ற ஒரு சிறிய கண்டி நிறுவனத்தில் நான் அந்தப் பக்கங்களை எழுதினேன். கம்பஸில் செய்யுள் படித்தவளுக்கு வாய்த்த உரைநடை அது. தேடியது கிடைக்காத கடைக்காரர் தொலைபேசியில் அழைப்பார்; எங்களிடம் கோளாறு பார்க்கும் யாழ்ப்பாணத்துக் குகன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவான். வழியெல்லாம் சோதனைச் சாவடிகள். அடையாள அட்டையில் அவன் பிறந்த ஊரைக் கண்டதும் இறக்கிவிடுவார்கள், பஸ் போய்விடும். ஆகவே, என் தலைப்புகள் கண்ணில் பட்டால் குகன் அலுவலகக் கதிரையில் இருப்பான். படாவிட்டால் வீதியில் நிற்பான்.

பில் வரவில்லை

கம்பளையில் மருந்துக்கடை வைத்திருந்த ஹாஜியாருக்கு ஒருநாள் பில் வரவில்லை. அதற்கான பதிலை ‘அச்சுப்பொறி இணைப்பு’ என்ற அழகான தலைப்பின் கீழ் வைத்திருந்தேன். அவர் கண்டால்தானே! காலையில் போன குகன் பொழுதுபட, மழையில் ஊறித் திரும்பினான். “பிரிண்டரின்ர சுவிச்சைப் போட ஒரு நிமிஷம், அக்கா. நான் ஆரெண்டு ஆமிக்காரருக்கு விளங்கப்படுத்தத்தான் ஒரு பகல்” என்றான்.

என்ன சொல்லைப் போட்டுத் தேடினீர்கள் என்று மறுநாள் ஹாஜியாரிடம் கேட்டேன்.

“பில் வருதில்லண்டுதான் தேடின, மிஸ். கடையில வேற என்னண்டு செல்ற?”

ஆளின் பெயர்

தலைப்புகளையெல்லாம் கடைப் பேச்சுக்கு மாற்றினேன். அப்படியும் நாவலப்பிட்டிப் பலசரக்குக் கடையில் பில் போடும் லெட்சுமி அழைத்தாள்: “அக்கா, கம்பளை ஹாஜியாருக்கு வந்துச்சே, அதேதான் நமக்கும் வந்திருக்கு.”

அப்போதுதான் விளங்கியது. இந்தக் கடைகளில் கோளாறுக்கென்று தனிப் பெயர் கிடையாது. முதலில் யாருக்கு வந்ததோ, அவர் பெயர்தான். சரக்கு லொறியோடு அந்தச் செய்தியும் ஊர் ஊராகப் போகும். ஆகவே ‘கம்பளை ஹாஜியாருக்கு வந்தது’ என்றே தலைப்புப் போட்டேன். லெட்சுமிக்கு முதலில் வந்தவற்றை அவள் பெயரில் போட்டேன். மாற்றிய பக்கங்களோடு புதிய சீடிகள் பஸ் கொண்டக்டர்கள் கையில் கடைகளுக்குப் போயின. அழைப்புகள் குறைந்தன. குகன் தேநீரைச் சூடாகக் குடிக்கத் தொடங்கினான்.

ஹாஜியார் அழைத்தபோது ஏச்சு வாங்கத் தயாரானேன்.

“என்ட பேர்ல ஒண்டுதான் ஈக்கிது. லெட்சுமிக்கு மட்டும் மூணா?”

குகனுக்கு வந்தது

கொழும்பில் குண்டு வெடித்த மறுநாள், லெட்சுமியின் கடைக்கென்று புறப்பட்ட குகன் அங்கே போய்ச் சேரவில்லை. ஆமிக்காரர் அவனைப் பிடித்து எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவே இரண்டு நாளாயிற்று. எங்கள் முதலாளி தன் சிங்களத்தையும் பெயரையும் பிணையாக வைத்து அவனைக் கூட்டிவந்தார். சட்டையில் ஒரு பொத்தானும் இல்லை. நான் வைத்த தேநீரை ஆறவிட்டான்.

“எல்லாருக்கும் வந்ததைப் போட்டிருக்கிறியள். எனக்கு வந்ததையும் போடுங்கோவன், அக்கா.”

லெட்சுமி மறுபடியும்

போட்டேன். ஹாஜியாருக்கும் மேலே, பட்டியலின் முதல் வரியில். அவனை வழியில் மறித்ததையும் அவன் வராததையும் எழுதினேன். வழக்கமாக அடியில் வரும் ‘இனிச் செய்யவேண்டியது’ என்ற இடத்தை வெறுமையாக விட்டேன். முதலாளி வாசித்துவிட்டு, சீடிகளை அனுப்பச் சொன்னார்.

சில நாளில் லெட்சுமியின் அழைப்பு. பில் பாதியில் நின்றுவிட்டதாம். குகன் பையை எடுக்கக் கை நீட்டிவிட்டான்.

“ஐயோ, குகன் அண்ணன அனுப்பிறாதீங்க அக்கா! யாருக்கு வந்ததுன்னு மட்டும் சொல்லுங்க, நாங்களே தேடிக்கிறோம்.”

நான் எழுதிய தலைப்புகளில் தீர்வே இல்லாதது குகனுடையது ஒன்றுதான். எல்லோரையும் தேட வைத்ததும் அதுதான்.