ஏலத்துக்கு வந்த ஆர்க்கிட் பிள்ளை

இரண்டு அங்குலம். சில மாதங்களாக ஈவாஞ்சலின் காலையில் எழுந்ததும் ஸ்கேலோடு பால்கனிக்குப் போவது இந்த இரண்டு அங்குலத்துக்காகத்தான். அவருடைய ஆர்க்கிட் செடியின் தண்டில், மேல் கணுவில், ஒரு பிள்ளைச்செடி முளைத்திருக்கிறது. அதன் வேர் இரண்டு அங்குலம் வளர்ந்தால் தாயிடமிருந்து வெட்டித் தனித் தொட்டியில் வைக்கலாம். அதற்கு முன் வெட்டினால் பிழைப்பது கஷ்டம். தாய் அதுவரை தாங்குமா என்பதுதான் கேள்வி.

ஈவாஞ்சலினுக்கு வயது நாற்பத்தொன்பது. சொந்த ஊர் நாசரேத். தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் ஏற்றுமதிப் பத்திரங்களைப் பார்க்கிறார். கப்பல் கிளம்புவதற்குள் கண்டெய்னர் துறைமுகத்துக்குள் போக வேண்டும் என்று டிரைவர்களைப் போனில் விரட்டியே பழகியவர். வேரை அப்படி விரட்ட முடியவில்லை.

முத்தையாபுரத்தில் அவர்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு. வாளியில் ஒரு நாள் நின்றால் ஓரத்தில் வெள்ளை படியும். ஆர்க்கிட்டுக்கு அது ஆகாது. அதனால் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைக் கேனில் பிடித்து ஊற்றுவார். மே மாதம் தங்கை மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனபோது செடியைக் கணவர் ஜெர்சனிடம் ஒப்படைத்தார். தனியாக இருந்தால் ஜெர்சன் ஏசி போடமாட்டார். கரண்ட் பில் பயம். கேன் காலியானதும் குழாயைத் திறந்து போர் தண்ணீரையே ஊற்றிவிட்டார்.

தொட்டிக்குள் வேர்கள் கறுத்தன. தண்டுகள் சுருங்கத் தொடங்கின. அதற்குப் பிறகுதான் பிள்ளை எட்டிப் பார்த்தது.

ஜெர்சனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சபையில் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு அவரவர் விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள்; அங்கேயே ஏலம் விடுவார்கள். யார் என்ன தருகிறீர்கள் என்று கேட்டபோது ஜெர்சன் எழுந்து நின்று, "எங்க வீட்டு ஆர்க்கிட்டோட முதற்பலன்" என்று அறிவித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஈவாஞ்சலின் நேரே பால்கனிக்குப் போய்த் தொட்டி முன்னால் நின்றார்.

"ஏளா, ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? ஆண்டவருக்குத்தான குடுக்கோம்."

"குடுங்க. ஆனா இது ஏன் பிள்ள விட்டுச்சுன்னு தெரியுமா? வேரு செத்துட்டு. இருக்கிற பலத்தையெல்லாம் பிள்ளைக்கு அனுப்பிட்டுச் சாகப் பாக்குது. நீங்க ஊத்துன தண்ணியில வந்த விளைச்சல் இது."

ஜெர்சன் தொட்டியையே பார்த்தார். "அப்ப ஆண்டவருக்குச் சொன்ன பொருத்தன?"

"சபையில சொல்லியாச்சுல்லா, இனி மாத்த முடியுமா? அதுவரைக்கும் சாகக்கூடாதுன்னு ஜெபம் பண்ணுங்க. முதல்ல ஏசியப் போடுங்க."

அன்றிலிருந்து பகலிலும் ஏசி ஓடியது. ஈவாஞ்சலின் பிள்ளையின் அடியில் அலசிய தேங்காய் நாரை ஈரமாகச் சுற்றி நூலால் கட்டினார். கடல் காற்று வரும் பக்கம் சாக்கைத் தொங்கவிட்டார். மூன்று தண்டுகளில் ஒன்று மஞ்சளாகிச் சாய்ந்தது. பிறகு இன்னொன்று. பிள்ளை ஒட்டியிருந்த தண்டு மட்டும் மிச்சம். பண்டிகையன்று காலை வேர் ஒன்றேகால் அங்குலம்தான்.

வெட்டவில்லை. தொட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு, ஜெர்சன் ஓட்டிய ஸ்கூட்டரில் ஆலயத்துக்குப் போனார்.

ஏலம் விட்டவர் ரெக்சன், இளைஞர் சங்கத்துச் செயலாளர். தேங்காய்க் குலை போனது. முருங்கைக் கட்டு போனது. வெள்ளாட்டுக் குட்டி ஒன்று போனது. பால்குடி மறக்காத குட்டி என்பதால், ஏலம் எடுத்தவர் அதன் கழுத்தில் அடையாளத்துக்குச் சிவப்புத் துணியைக் கட்டி, தாயோடு போகட்டும் என்று விட்டுவிட்டார். அடுத்து ரெக்சன் ஆர்க்கிட்டைத் தண்டைப் பிடித்துத் தூக்கினார்.

"ஏலே ரெக்சா, தொட்டியப் பிடி!" ஈவாஞ்சலின் போட்ட சத்தத்தில் மைக்கே தேவைப்படவில்லை.

"பல்லு விளக்குற குச்சியால்லா இருக்கு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

எடுத்தவர் தேவமணி, இரும்புக் கடைக்காரர். சாவிக்கொத்திலிருந்த சின்னக் கத்தியை விரித்துக்கொண்டே வந்தார். "ஜெர்சன் சொன்னது பிள்ளையத்தான? வாடுன தாய் எனக்கு எதுக்கு? ரெக்சா, இங்கன பிடி."

கத்தி கணுவில் படும் முன் ஈவாஞ்சலினின் கை குறுக்கே வந்தது.

"அண்ணாச்சி, கத்திய மடக்குங்க."

"ஏன், ஏலம் எடுத்தாச்சுல்லா?"

"ஆட்டுக்குட்டியும் இப்பதான் ஏலம் போச்சு. அத ஏன் தாய்கிட்ட விட்டாவ?"

"அது பால் குடிக்கி."

"இதுவும் குடிக்கி."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். தேவமணி தண்டை உற்றுப் பார்த்தார். "ஆடு நல்லா நிக்கி. இது நாளைக்கே போயிரும் போலிருக்கே. போயிட்டா?"

"இன்னைக்கு வெட்டுனா இன்னைக்கே போயிரும், அண்ணாச்சி. விட்டா ஒரு வழி இருக்கு."

தேவமணி ஜெர்சனைப் பார்த்தார். ஜெர்சன் தரையைப் பார்த்தார். கத்தி மடங்கியது. ரெக்சன் நீட்டிய சிவப்புத் துணியை வாங்கித் தண்டில் சுற்றப்போனார் தேவமணி.

"தண்டுல வேண்டாம். தொட்டியில கட்டுங்க."

இப்போது ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தேவமணி நேரே அவர்கள் பால்கனிக்கு வந்து தன் வேரைப் பார்த்துவிட்டுப் போகிறார். தாய்த்தண்டு பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது. நேற்று வேர் இரண்டு அங்குலத்துக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், குறைவு.

வரும் சனிக்கிழமை வெட்டுகிறார்கள். அதன் பிறகும் தண்ணீர் கேனில் இங்கிருந்துதான் போகும். தேவமணி வீட்டில் ஏசி கிடையாது.