கண்ணாடிக்காரர் பொட்டலம்

“என் கண்ணுக்குத் தப்பி ஒரே ஒரு நல்ல விதைகூட இந்த வாசப்படி இறங்காது!”

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒருவர், ஆள்காட்டி விரலை மின்விசிறிக்கு நேராக உயர்த்தி இப்படிச் சூளுரைத்தபோது சபையில் இருந்தவர் அவர் மனைவி மட்டுமே. அந்த அம்மாள் மெத்தைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார். “சரி, அந்த முனையைப் பிடிங்க” என்றார். வீரர் பிடித்தார்.

சூளுரைக்குக் காரணம் ஒரு லில்லி. புதிதாகத் தேய்த்த செம்பின் நிறம். தொண்டைக்குள் மட்டும் கருஞ்சிவப்பு. இரண்டு வகை லில்லிகளைச் சிறு தூரிகையால் மகரந்தம் தொட்டு அவரே சேர்த்து, விதையெடுத்து, விதைத்து, புல் போல ஓர் இலை எழுந்த நாளிலிருந்து ஐந்து வருடம் காத்திருந்து பெற்ற பிள்ளை. சொந்த மகள் பிறந்த தேதியைக் கேட்டால் மனைவியைத் திரும்பிப் பார்ப்பார். லில்லி முதலில் மலர்ந்த தேதியைக் கேட்டால் கிழமையோடு சொல்லி, அன்று அடித்த காற்றையும் வர்ணிப்பார்.

அந்த ஊரில் தோட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. வருடம் ஒருமுறை நூலக மாடியில் கூடி, அவரவர் விதையைப் பொட்டலம் கட்டி மேசையில் வைப்பார்கள். வேண்டியதை எடுத்துப் போவார்கள். வெறுங்கையோடு வருகிறவர் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். கண்ணாடிக்காரருக்கு மற்றவர் விதை வேண்டும்; தன் விதை போகக் கூடாது. இந்த இக்கட்டுக்கு இயற்கையே வழி செய்து வைத்திருந்தது.

லில்லிக் காய் காய்ந்து வெடித்தால், உள்ளே காகிதத் துணுக்குகள் போல விதைகள் அடுக்கடுக்காக இருக்கும். அதில் பாதிக்கு மேல் பதர். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மட்டும் நல்ல விதையின் நடுவில் முடி போல ஒரு கோடு தெரியும். அதுதான் கரு. கடையில் கண்ணாடி சோதிக்கும் விளக்குப் பெட்டி இருந்தது. மத்தியானம், ஆள் வராத நேரத்தில், இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார். கோடு உள்ளது சொந்த டப்பாவுக்கு. கோடு இல்லாதது சங்கத்துக்கு. நேர்த்தியான உறை, அதன்மேல் மணிமணியான கையெழுத்தில் பெயர், வருடம், ‘நகக்கண் ஆழத்தில் விதைக்கவும்’ என்ற குறிப்பு. உயிர் ஒன்றுதான் குறை.

இதை மோசடி என்று நாம் சொல்லிவிடக் கூடாது. பதரும் அதே காயில் பிறந்ததுதானே.

இவருக்கு ஒரு சகலை உண்டு. மனைவியின் தங்கையைக் கட்டியவர், பஸ் டிரைவர். அவரிடம் இருந்தது கூப்பிடாமலே வளரும் ஆரஞ்சு லில்லி. விதையைப் பிரிப்பதும் கிடையாது, சலிப்பதும் கிடையாது. சட்டைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஸ்டாப்புக்கு ஸ்டாப் கொடுத்துக்கொண்டே போவார். ஆறே வருடத்தில் பஸ் போகும் வழியெல்லாம் அந்தப் பூ. பல் வைத்தியர் வாசலில், சலவைக் கடைப் படியில், தபால் நிலையத்து ஓட்டை வாளியில்கூட. ‘டிரைவர் லில்லி’ என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது.

கண்ணாடிக்காரருக்கு வயிறு எரிந்தது. அந்த பஸ்ஸில் ஏறினால் ஜன்னலோரம் உட்காருவதை விட்டுவிட்டார். அவருடைய லில்லியைக் காண முன்னறை தாண்டி, சமையலறை தாண்டி, பின்கதவின் இரண்டு தாழ்ப்பாள்களை நீக்க வேண்டும். இதுவரை தரிசித்தவர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் மின்சார மீட்டர் பார்க்க வந்தவர்.

“தானா மண்டுற பூவுக்கு இவ்ளோ பேரா?” என்று பொருமுவார்.

“அவர் குடுக்கறாரு, பேர் வருது.”

“நானும்தான் வருஷா வருஷம் குடுக்கறேன்.”

 மனைவி துவைத்த துணியை உதறும் சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாகக் கேட்கும்.

ஒருநாள் சலூனில், முகம் முழுக்க நுரையோடு அவர் சாய்ந்திருந்தபோது, பின்னால் பெஞ்சில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்.

“நாளைக்குக் கண்டிப்பா வரேன்னு பிளம்பர் சொல்லிட்டாரு.”

“அட போப்பா, அது கண்ணாடிக்காரர் பொட்டலம்.”

“அப்படின்னா?”

“மேல எழுத்து முத்து முத்தா இருக்கும். விதைச்சுப் பாத்தா ஒண்ணும் வராது. சங்கத்துல எல்லாரும் சொல்றதுதானே! டிரைவர் ஒருத்தர்தான் ஒத்துக்க மாட்டாரு. ‘எங்கண்ணன் விதையில குத்தமே இருக்காது, என் கைதான் சரியில்ல’ன்னு சண்டைக்கே வந்துட்டாரு.”

சலூன்காரர் அவசரமாக இருமினார். நுரைக்கு அடியில் ஒரு முகம் வெந்தது. ஊரே சிரித்ததைக்கூட அவரால் தாங்க முடிந்தது. ஆனால் சகலை பரிந்து பேசினாராமே! பூவில் முந்தியது போதாதென்று பெருந்தன்மையிலுமா முந்த வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை வேவு பார்க்கக் கிளம்பிவிட்டார். சகலை வீட்டு பால்கனியில் நான்கு தொட்டிகள். செடி ஒன்றுமில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு குச்சி. குச்சியில் குத்தியிருந்தது அவர் கையெழுத்துள்ள உறை. மண் ஈரமாக இருந்தது.

“என்ன இது?”

“உங்க லில்லிதாண்ணே. நாலு வருஷத்து விதையும் தனித்தனியா.”

“ஒண்ணையும் காணோமே.”

“சில ஜாதி முதல்ல மண்ணுக்குள்ளயே கிழங்கு வெச்சுட்டு, அப்புறம் மெதுவாத்தான் தலை காட்டுமாமே? உங்கள மாதிரி, கூச்ச சுபாவம்.” சகலை சிரித்தார். “தினம் டியூட்டிக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு குவளை தண்ணி ஊத்திடுவேன்.”

“காலித் தொட்டிக்குத் தண்ணி ஊத்தற மனுஷன உலகத்துலயே நான் ஒருத்திதான் மாமா கட்டிக்கிட்டேன்!” என்று உள்ளேயிருந்து கொழுந்தியாள் குரல் கொடுத்தாள்.

கண்ணாடிக்காரர் நான்கு உறைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தாழ்ப்பாளுக்குப் பின்னால் பூத்துக் குலுங்கியபோதுகூட அவருடைய லில்லிக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. இங்கே வெறும் மண்ணுக்குக் கிடைக்கிறது. தன் பெயர் தாங்கிய அந்த மண்ணைப் பார்த்தே பொறாமைப்பட்டார். பொறாமையின் வரலாற்றில் இதற்கு மேல் ஒரு சிகரம் இருப்பதாக நமக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறும் போனார். பதினோரு வருட உறவில் அழைக்காமலே இரண்டு வாரம் தொடர்ந்து வந்த அண்ணனைக் கண்டு சகலை நெகிழ்ந்து, “உக்காருங்கண்ணே, என் கையால டீ போட்டுட்டு வரேன்” என்று உள்ளே ஓடினார்.

கண்ணாடிக்காரர் பால்கனிக்கு நடந்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடிக்கூட்டை எடுத்துத் திறந்தார். உள்ளே கண்ணாடி இல்லை. துடைக்கும் மெல்லிய துணியின்மேல் பன்னிரண்டு விதைகள் இருந்தன. விளக்குப் பெட்டியில் இரண்டு முறை பார்த்தாயிற்று. பன்னிரண்டிலும் கோடு இருந்தது. பிரேம் திருகாணி முடுக்கும் குட்டி ஸ்க்ரூ டிரைவரால் தொட்டிக்கு மூன்று துளை போட்டார். தானே எழுதிய குறிப்பின்படி, நகக்கண் ஆழம். நான்காவது தொட்டியின் மண்ணைத் தடவிச் சமப்படுத்தும்போது பின்னால் கோப்பைகள் உரசும் சத்தம் கேட்டது.

“என்னண்ணே, குனிஞ்சு பாக்கறீங்க? ஏதாச்சும் தெரியுதா?”

“ஒண்ணும் தெரியல” என்றார், விரலில் ஒட்டிய மண்ணை வேட்டியில் துடைத்துக்கொண்டே. “தண்ணி ஊத்திட்டியா?”

“காலைலயே ஊத்திட்டேனே.”

“இன்னும் கொஞ்சம் ஊத்து.”