மெத்தை காயாத வாரம்

புனேயில் மே மாதத்தை நம்பவே கூடாது. காலை எட்டு மணிக்கே தார் ரோடு கொதிக்கும். மதியம் காற்று அசையாது. நாலு மணிக்கு வானம் ஒரு பக்கமாகக் கறுத்து, புழுதி கிளம்பி, கதவுகளெல்லாம் படார் படாரென்று அடித்துக்கொள்ளும். அப்புறம் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வெளுத்துவிடும். இந்தக் கோடை மழைக்கு இங்கே வளீவ் என்று பெயர். பதினோரு வருஷமாக சிஞ்ச்வட்டில் குப்பை கொட்டியவள் நான், எனக்கு அது தெரியும். சென்னையிலிருந்து வந்து இறங்கி இரண்டு நாள்கூட ஆகாத என் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு இதை ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். யோசிக்கவில்லை. அந்த வருஷம் எனக்கு யோசிக்கவே தெம்பு இல்லை.

அம்மா சனிக்கிழமை வந்தாள். ஒரு பெட்டி, இரண்டு பைகள், ஒரு சாக்கு மூட்டை. "லீவுக்கு வந்தேன். ஒரு வாரம், பத்து நாள் இருந்துட்டுப் போறேன்" என்றாள். அறுபத்தாறு வயசுக்காரிக்கு என்ன லீவு என்று எனக்கு உறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் செய்தபோதுதான் உறைத்தது. அப்பா போனதிலிருந்து நாலு வருஷமாக அம்மா அவனோடுதான் இருந்தாள். அண்ணிக்கும் அவளுக்கும் ஏதோ பெரிய சண்டை. "இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டு, அவ சாமான் மொத்தத்தையும் எடுத்துக்கிட்டு வந்திருக்கா. உன்கிட்ட எதுவும் சொல்லலையா?" என்றான்.

சொல்லவில்லை. சொல்லவும் மாட்டாள். மகன் உயிரோடு இருக்கும்போது மகள் வீட்டில் போய்த் தங்குவதா, மருமகன் சோற்றைத் தின்பதா என்று ஊரில் எத்தனையோ பேரை நாக்கு மேல் பல்லுப் போட்டுப் பேசியவள் அவள். அவளாக வாய் திறந்து "நான் இங்கேயே இருந்துடறேன்" என்று சொல்ல அவளுக்கு வழியே இல்லை. நான் சொல்ல வேண்டும். "அம்மா, இங்கேயே இரு." மூன்றே வார்த்தை. அவள் முதலில் மாட்டேன் என்பாள், நான் கோபப்படுவேன், அவள் அழுவாள், அப்புறம் இருப்பாள். அப்படித்தான் எங்கள் வீடுகளில் நடக்கும்.

என் கணவர் அன்றே கேட்டார். "அத்தையை இருக்கச் சொல்லிட்டியா?"

"அவ இருக்க மாட்டா."

"நான் வேணா சொல்லட்டுமா?"

"எங்கம்மாவை எனக்குத் தெரியும், நீங்க சும்மா இருங்க."

அவர் சும்மா இருந்துவிட்டார். நல்ல மனுஷன், சும்மா இரு என்றால் இருந்துவிடுவார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அலுப்பாக இருந்தது. கார் உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸில் வேலை. தகரக் கூரைக்குக் கீழே நாள் பூராவும் நின்று, போல்ட்டும் பேரிங்கும் எண்ணி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தால், வீட்டில் லோட் ஷெட்டிங் என்று மின்வெட்டு. தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம். ஒரு ஹால், ஒரு படுக்கையறை. வீட்டுக்கு வந்தால் யாரோடும் பேசாமல் பத்து நிமிஷம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். அந்தப் பத்து நிமிஷத்தை யாருக்கும் கொடுக்க எனக்கு மனசில்லை. அதுவும் அம்மாவுக்கு. அவள் வந்தால் காலத்துக்கும்.

திங்கட்கிழமை அம்மா என்ன செய்தாள் என்றால், வீட்டிலிருந்த மூன்று பஞ்சு மெத்தைகளையும், ஆறு தலையணைகளையும் மொட்டை மாடிக்கு எடுத்துக்கொண்டு போய்க் காயப் போட்டாள். நாங்கள் கடைசி மாடி, ஒரே ஒரு படிக்கட்டுதான். ஆனாலும் அந்த உடம்பை வைத்துக்கொண்டு எப்படி இழுத்தாளோ. கத்திரி வெயிலில் மெத்தையைக் காயப் போட்டால் மூட்டைப் பூச்சி செத்துவிடும், பஞ்சு புசுபுசுவென்று ஆகிவிடும், வருஷம் முழுக்கத் தாங்கும். சென்னையில் வருஷா வருஷம் செய்கிற வேலை. மகள் வீட்டுக்கு உபயோகமாக ஏதாவது செய்யலாம் என்று தேடியிருக்கிறாள், இது கண்ணில் பட்டிருக்கிறது. கீழ்வீட்டு மராட்டிக்கார அம்மாள், நாங்கள் காகூ என்று கூப்பிடுகிறவர், மாடிக்கு வந்து வானத்தைக் காட்டிக் காட்டி மராட்டியில் என்னவோ சொல்லியிருக்கிறார். மழையைச் சொல்கிறார் என்று அம்மாவுக்குப் புரிந்தே இருந்தது. கத்திரியில் மழையாம் என்று சிரித்திருக்கிறாள்.

ஐந்தரைக்கு நான் பஸ்ஸிலிருந்து இறங்கித் தெப்பலாக நனைந்து வந்தபோது, மாடிப்படியில் அம்மாவும் காகூவும் ஒரு மெத்தையை ஆளுக்கொரு முனையில் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். நனைந்த பஞ்சு மெத்தையைத் தூக்கியிருக்கிறீர்களா? பிணம் மாதிரி கனக்கும். படியெல்லாம் தண்ணீர் ஓடியது. அம்மாவின் புடவை முழங்கால் வரைக்கும் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"கத்திரியில மழை பெய்யும்னு நான் கண்டேனாடி?" என்றாள், கொஞ்சம் சிரித்தபடி.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "உன்னை யாரு இதையெல்லாம் செய்யச் சொன்னா? வந்தா வந்த இடத்துல சும்மா இருக்க மாட்டியா? விருந்தாளியா வந்தியா, விருந்தாளியா இருந்துட்டுப் போயேன்!"

காகூவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் மெத்தையை விட்டுவிட்டு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது. "சரிடி" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து அம்மா விருந்தாளியாகிவிட்டாள். சமையலறைக்குள் வரவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டாள். "ஃபேன் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டாள். சொந்த மகளிடம் ஃபேனுக்கு அனுமதி! "ஏன், நான் என்ன உன்னைக் கட்டியா வச்சிருக்கேன்?" என்று அதற்கும் கத்தினேன். அன்று சாயங்காலம், வழக்கமாகக் கதவுக்குப் பின்னால் நின்று மூன்றாம் மனுஷி போல மாப்பிள்ளையிடம் பேசுகிறவள், நேராக அவர் எதிரே வந்து நின்று, "மாப்பிள்ளை, சனிக்கிழமைக்கு மெட்ராஸ் வண்டியில எனக்கு ஒரு டிக்கெட் போட்டுக் கொடுங்க" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் வாளியில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தேன். மொண்டுகொண்டே இருந்தேன்.

மே மாதத்தில் உடனே டிக்கெட் கிடைக்குமா? வெயிட்டிங் லிஸ்ட்தான் கிடைத்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. கன்ஃபர்ம் ஆகாது, அம்மா போக முடியாது, தானாகத் தங்கிவிடுவாள், நானும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. என் வாயால் சொல்ல வேண்டியதை ரயில்வேக்காரன் தலையில் கட்டிவிட்டேன். எவ்வளவு கெட்டிக்காரி நான்!

மெத்தைகளோ காய்கிற வழியாக இல்லை. காலையில் நானும் அவரும் மேலே தூக்கிப் போடுவோம், மதியம் வரை வெயில் பொரிக்கும், மேல்துணி காய்ந்த மாதிரி இருக்கும். நாலு மணிக்கு மறுபடியும் மழை. செவ்வாய் நனைந்தது. புதன் ஆலங்கட்டியே விழுந்தது. மூன்று மெத்தைகளையும் ஹாலில் சுவரோடு சாய்த்து வைத்திருந்தோம். வீடு முழுக்க ஈரப் பஞ்சு நாற்றம். மூன்று பேரும் தரையில் பாய் விரித்துப் படுத்தோம். காலையில் எழுந்தால் இடுப்பு கழன்றுவிடும் போலிருக்கும். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. விருந்தாளிகள் குறை சொல்ல மாட்டார்கள்.

வியாழக்கிழமை எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கெல்லாம் வாரவிடுமுறை. அன்றைக்கு இந்த மெத்தையைக் காய வைக்காமல் விடுவதில்லை என்று மாடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு முழம் இருந்தது. மணிக்கு ஒரு தடவை எழுந்து புரட்டிப் போட்டேன். பதினோரு மணி வாக்கில் அம்மா மெதுவாகப் படியேறி வந்து, தள்ளி நின்றாள்.

"உக்காரட்டுமா?"

"உக்காரேன், இதுக்குமா கேப்பே?"

பக்கத்தில் உட்கார்ந்தாள். தூரத்தில் லோக்கல் ரயில் ஒன்று போனது. அது மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க காத்து நல்லா வருதுடி. மெட்ராஸ் மாதிரி கசகசன்னு இல்லை."

"ம்."

"பக்கத்துல ஒரு பிள்ளையார் கோயில் இருக்காமே? அந்தக் கீழ்வீட்டம்மா கையைக் காட்டிச் சொல்லிச்சு. நடக்கற தூரம்தானாம். தினம் காலையில போயிட்டு வந்துடலாம் போல."

தினம் என்றாள். இரண்டு நாளில் ஊருக்குப் போகிறவள் தினம் என்கிறாள். எனக்குப் புரியாமல் இல்லை. தொண்டை வரைக்கும் வந்தது. "டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடலாம்மா" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நான் என் வீட்டை நினைத்தேன். ஒரு ஹாலை நினைத்தேன். சுவரைப் பார்த்து உட்காரும் பத்து நிமிஷத்தை நினைத்தேன்.

"வெயில்ல உக்காராதே, தலை வலிக்கும், உள்ள போ" என்றேன்.

அம்மா கையை ஊன்றி எழுந்து உள்ளே போனாள். அன்றைக்கென்று பார்த்து மழையே பெய்யவில்லை. புழுதிக் காற்று மட்டும் அடித்து, காய்ந்த மெத்தைகள் மேல் ஒரு விரற்கடை மண்ணைக் கொட்டிவிட்டுப் போனது. நான் மாடியில் நின்று அந்த மெத்தைகளை ஒரு விறகுக் கட்டையால் அடி அடியென்று அடித்தேன். அடித்துக்கொண்டே அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை டிக்கெட் கன்ஃபர்ம் ஆகிவிட்டது.

சனிக்கிழமை அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அதே பெட்டி, அதே இரண்டு பைகள், அதே சாக்கு மூட்டை. ஒரு வார லீவுக்குச் சாக்கு மூட்டை எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. போகிற வழியில் இருட்டிக்கொண்டு வந்தது. நாங்கள் பிளாட்பாரத்துக்குப் போய்ச் சேரவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. எங்கேயோ மரம் விழுந்துவிட்டதாம், வண்டி ஒன்றரை மணி நேரம் தாமதம் என்று அறிவித்தார்கள்.

பெட்டியின் மேல் அம்மாவை உட்கார வைத்துவிட்டு நான் பக்கத்தில் நின்றேன். எங்கள் பேச்சைக் கேட்டு, நாலு கூடைகளோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், "தமிழா நீங்க?" என்று நகர்ந்து வந்தாள். கோர்படியில் ரயில்வே குவார்ட்டர்ஸில் மகன் வீடாம், அங்கே வந்துவிட்டுத் திரும்புகிறாளாம். வாய் ஓயாமல் பேசினாள். பேச்சு வாக்கில், "நீங்க பொண்ணு வீட்டுக்கு வந்தீங்களா? எங்க போறீங்க இப்போ?" என்று அம்மாவைக் கேட்டாள்.

"பையன் வீட்டுக்கு" என்றாள் அம்மா. குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "இவ விடவே மாட்டேங்கறா. இங்கேயே இரு, இங்கேயே இருன்னு ஒரு வாரமா ஒரே பிடிவாதம். மாப்பிள்ளை அதுக்கு மேல. எனக்குத்தான் சரிப்படாதுன்னு சொல்லிட்டேன். பொண்ணு வீட்டுல எத்தனை நாளைக்கு இருக்கறது, நீங்களே சொல்லுங்க?" என்றாள்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. சாக்கு மூட்டையின் முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, பெத்தவளை இன்னும் நாலு நாள் கட்டாயப்படுத்தி வச்சுக்கக் கூடாதா?"

நான் சொன்னேன், "சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டேங்க. கேக்கவே மாட்டேங்கறாங்க."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அந்த வாரத்தில் முதல் தடவையாக அவள் முகம் தெளிந்தது. "பாத்தீங்களா?" என்றாள் அந்த அம்மாளிடம், பெருமையாக.

வண்டி வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அப்போதும் நான் சொல்லவில்லை.